சரணாலயத்தை ஒட்டி மாடு வளர்ப்போருக்கு: 33ஏ பிரிவும் தடுப்பூசியும்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 என்றதும் வேட்டை, தந்தம், வழக்கு என்றுதான் நினைவுக்கு வரும். அதே சட்டத்துக்குள் மாட்டுக்கு ஊசி போடுவது பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 33ஏ பிரிவு அது. மொத்தம் இரண்டே உட்பிரிவுகள்.

சரணாலயத்துக்குள்ளும், அதிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது முதலாவது. தடுப்பூசி போடாத கால்நடையை யாரும் சரணாலயத்துக்குள் ஓட்டிச் செல்லவோ மேய்க்கவோ கூடாது என்பது இரண்டாவது. முதலாவது அரசின் கடமை, இரண்டாவது மாடு வைத்திருப்பவரின் கடமை. சோதனைச் சாவடியில் இரண்டாவதை மட்டும்தான் சொல்வார்கள். முதலாவதைக் கேட்டு வாங்குகிற வேலை நம்முடையது.

தேசியப் பூங்காவுக்கும் 33ஏ பொருந்தும் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே 35ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு பூங்காவுக்குள் மேய்ச்சலை முற்றாகத் தடுக்கிறது. ஆக, ஊசி போட்ட மாடு என்பதாலேயே எங்கும் மேய்க்கலாம் என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றம், பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குக் குறைத்தது. வன உரிமைச் சட்டம், 2006 மேய்ச்சலையும் ஓர் உரிமையாகவே எண்ணுகிறது. உங்கள் ஊருக்கு அந்த உரிமை பதிவாகியிருக்கிறதா என்பது தனியாகத் தீர்க்க வேண்டிய கேள்வி. மேய்ச்சலே கூடாது என்று முடிவானாலும் 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் மாடுகளுக்கு ஊசி போட வேண்டிய அரசின் கடமை அப்படியே நிற்கும்.

இப்படி ஒரு விதி ஏன் என்பதற்கு முதுமலையும் பந்திப்பூரும் சாட்சி. 1968இல் மாட்டு வெக்கை நோய் அந்தக் காடுகளின் காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. பட்டி மாடும் காட்டெருமையும் ஒரே குட்டையில் நீர் குடிக்கின்றன, ஒரே இடத்தில் உப்பு மண்ணை நக்குகின்றன. எச்சிலில் கலந்து வரும் கிருமிக்கு அதுவே போதும். வெக்கை நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது, அதை ஒழித்ததும் தடுப்பூசிதான். மற்ற நோய்கள் இன்னும் இருக்கின்றன.

எந்த ஊசி, எப்போது

கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் (புருசெல்லோசிஸ்) மத்திய அரசின் தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், 2019 முதல், கட்டணமில்லாமல் ஊசி போடுகிறார்கள்.

கோமாரி ஊசி 6 மாதத்துக்கு ஒரு முறை. கன்றுக்கு 4 மாதம் முடிந்ததும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி. இந்த ஊக்க ஊசியைத்தான் பெரும்பாலும் தவற விடுகிறார்கள். அதைப் போடாத கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி நீடிக்காது. கோமாரி மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. காட்டெருமைக்கும் மானுக்கும் எளிதாகத் தொற்றும்.

கன்று வீச்சு நோய்க்கான ஊசி 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. 8 மாதம் தாண்டிப் போட்டால் பின்னாளில் இரத்தப் பரிசோதனையில் நோய்பட்ட மாடா, ஊசி போட்ட மாடா என்று பிரித்தறிவது கடினம். இது உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து. ஊசி தவறிக் கையில் குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ மனிதருக்கே காய்ச்சல் வரலாம். அதனால் கன்றைப் பிடிப்பவரும் கையுறை போட வேண்டும். குத்திவிட்டால் அன்றே மருத்துவரிடம் போய், குத்தியது எந்த ஊசி என்று சொல்ல வேண்டும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதும், அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் இந்த நோய் வீட்டுக்குள் வரும் வழிகள்.

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) ஊசி எல்லா ஊருக்கும் கிடையாது. முன்பு அடைப்பான் கண்ட பகுதிகளில் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன் போடுவார்கள். இதுவும் உயிருள்ள மருந்துதான். ஊசி போடும் சமயத்தில் மாட்டுக்கு வேறு காரணத்துக்காக ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் ஊசி பலிக்காது. அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தொண்டை அடைப்பானுக்கும் மழைக்கு முன்பே. வெள்ளாடு, செம்மறிக்கு ஆட்டுக்கொல்லி நோய் ஊசி.

எந்த ஊசியானாலும் பலன் தர இரண்டு, மூன்று வாரம் ஆகும். காலையில் போட்டு மாலையில் காட்டோரம் ஓட்டிவிட்டால் சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம், மாட்டுக்கு இன்னும் பாதுகாப்பு வந்திருக்காது.

முகாமை வரவழைப்பது

உங்கள் பட்டி 5 கிலோமீட்டருக்குள் வருகிறதா என்பதை வனச்சரக அலுவலகத்தில் உள்ள சரணாலய எல்லை வரைபடத்தில் பாருங்கள். பிறகு கால்நடை உதவி மருத்துவருக்கு ஒரு மனு எழுதி, வனச்சரக அலுவலருக்கு நகல் கொடுங்கள். புலிகள் காப்பகமானால் கள இயக்குநருக்கும் ஒரு நகல். இரு துறைகளுக்கும் போவது முக்கியம், ஏனென்றால் கடமை வனத்துறையிடம், மருந்தும் ஆளும் கால்நடைப் பராமரிப்புத் துறையிடம். ஒன்று மற்றதைக் கைகாட்டுவது இந்த இடைவெளியில்தான்.

மனுவில் 33ஏ பிரிவைக் குறிப்பிடுங்கள். மாடு, எருமை, ஆடு எத்தனை, 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்று எத்தனை, சினை மாடு எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். மருந்துப் புட்டியைத் திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும் என்பதால் இந்த எண்ணிக்கை இல்லாமல் அவர்களால் திட்டமிட முடியாது. பட்டி எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் எழுதுங்கள். முகாம் தோற்பதற்கு முதல் காரணம் இதுவே: ஊசிக்காரர்கள் 10 மணிக்கு வருகிறார்கள், மாடுகள் 7 மணிக்கே போய்விடுகின்றன. வீட்டில் கட்டியிருக்கும் கறவை மாட்டுக்கு மட்டும் ஊசி விழுகிறது. காட்டு விலங்கோடு உண்மையில் கலக்கும் பட்டி மாடு விட்டுப்போகிறது.

பதில் வராவிட்டால், கடந்த ஆண்டு எந்தெந்தக் கிராமத்தில் எத்தனை கால்நடைகளுக்கு எந்த ஊசி போடப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

முகாமுக்கு ஒரு மாதம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுவது நல்லது. காய்ச்சலில் இருக்கும் மாட்டையும் நிறைமாதச் சினையையும் முன்கூட்டியே தனியே காட்டுங்கள். மருந்து ஐஸ் பெட்டியில் வருகிறதா என்று பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கமும் ஓரிரு நாள் பால் குறைவதும் இயல்பு. அதைக் கண்டு அடுத்த முறை மாட்டை ஒளித்து வைப்பவர்கள் உண்டு. அப்படி ஒளித்த இரண்டு மாடு போதும், நோய் பட்டிக்குள் நுழைய.

காதில் மாட்டும் 12 இலக்க வில்லைதான் மாட்டின் அடையாளம், ஊசி விவரம் அந்த எண்ணில்தான் பதிவாகும். முட்புதரில் சிக்கி வில்லை அறுந்துபோவது காட்டோர மாடுகளுக்குச் சாதாரணம். அறுந்தால் புது வில்லையைப் பழைய எண்ணோடு இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பதிவேட்டில் ஊசியே போடாத மாடு ஆகிவிடும். எண்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிச் சான்று கேட்கும் வழி 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. மருந்தின் பெயர், தொகுதி எண், தேதி அதில் இருக்கட்டும்.

செத்த விலங்கைக் கண்டால்

மேலே சொன்ன 2009ஆம் ஆண்டுச் சட்டம், அட்டவணையில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பதை உரிமையாளரின் கட்டாயக் கடமை ஆக்குகிறது. நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்டுவதும் கடமையே. நோயில் செத்த உடலை ஆற்றிலோ ஏரியிலோ போடுவது தண்டனைக்குரிய குற்றம். கால்நடை உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

திடீரென விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அடைப்பான் என்றே எண்ண வேண்டும். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், உடற்கூறு ஆய்வுக்கும் திறக்கக் கூடாது. உடல் திறந்து காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மருத்துவர் காது நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தாலே போதும். உடலை எரிக்கலாம், அல்லது 6 அடிக்குக் குறையாமல் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கலாம். தொட்டவர் கையில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தால் அன்றே மருத்துவமனை போக வேண்டும். உடனே பார்த்தால் குணமாகும்.

ஊசி இல்லாத நோய்களும் உண்டு. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் அறிந்த குரங்குக் காய்ச்சலை உண்ணிகள் பரப்புகின்றன. மாடு அந்த நோயில் படுப்பதில்லை, ஆனால் உண்ணியைப் பெருக்கி வீட்டுக்குச் சுமந்து வருகிறது. செத்த குரங்கைக் கண்டால் அருகில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பட்டியோடு போகும் நாய் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கால்நடைப் பட்டியலில் இல்லை. அதனால் 33ஏ முகாமில் அதற்கு ஊசி வராது. வெறிநோய் ஊசியை அதற்கு ஆண்டுதோறும் கால்நடை மருந்தகத்தில் தனியே போட்டுக்கொள்ள வேண்டும்.