த்ரூ ட'ஓ தூஸ்காரங்க பேரு மட்டும் ஏன் ஏறல?

மொரீஷியஸ்ல எங்க கோயில்ல தைப்பூசக் காவடி எடுக்கறவங்க லிஸ்ட்டுக்கு நான்தான் பிஎச்பில ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதிக் குடுத்தேன், பின்னாடி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். வருஷக்கணக்கா ஓடுச்சு. சர்வர மாத்தின அதே வாரம் போன் வருது, போர் லூயிஸ், ரோஸ் ஹில்காரங்க பேரெல்லாம் ஏறுதாம், த்ரூ ட'ஓ தூஸ்காரங்களும் ல'எஸ்காலியேகாரங்களும் மட்டும் ஏறலியாம்!

பிரெஞ்சு ஊர் பேர்ல வர்ற அந்த ஒத்தை கொக்கிதான் (') வில்லன். டேட்டாபேஸுக்கு கட்டளை எழுதற எஸ்க்யூஎல்ல ஒரு சொல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு காட்டறதும் அதே கொக்கிதான், அதனால உள்ள இருக்கற கொக்கி பேரோட எழுத்துன்னு தனியா சொல்லணும், ஸ்டாண்டர்ட் வழி அத ரெண்டா போடறது: 'த்ரூ ட''ஓ தூஸ்'. பழைய போஸ்ட்கிரெஸ் இன்னொரு வழியும் ஒத்துக்கிச்சு, முன்னாடி பேக்ஸ்லாஷ்: 'த்ரூ ட\'ஓ தூஸ்'. இதுல வம்பு என்னன்னா பேக்ஸ்லாஷ் கொக்கியோட நிக்காது. போட்டோ எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற பாத்ல பேக்ஸ்லாஷுக்கு அடுத்து இங்கிலீஷ் என் வந்தா புது வரி, டி வந்தா டேப், நியூன்னு ஒரு ஃபோல்டர் வெச்சா பாத் ரெண்டு வரியா உடையும். நான் எல்லாத்தையும் ஆட்ஸ்லாஷஸ் ஃபங்ஷன்ல போட்டு எடுத்தேன், அது கொக்கி முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் வெக்கும், பேக்ஸ்லாஷையே ரெண்டாக்கும்.

2005ல வந்த போஸ்ட்கிரெஸ் 8.1 பதிப்புல, பேக்ஸ்லாஷுக்கு அர்த்தம் வேணும்னா தொறக்கற கொக்கிக்கு முன்னாடி இங்கிலீஷ் ஈ எழுத்து போடுன்னு புது முறை வந்துச்சு. அடுத்த 8.2ல ஈ இல்லாம பேக்ஸ்லாஷ் வந்தாலே வார்னிங், செட்டிங் மாத்தாமலே. என் லாக் முழுக்க அதுதான். நான் என்ன பண்ணேன், வார்னிங்க ஆஃப் பண்ணிட்டு தூங்கப் போயிட்டேன்.

2011ல வந்த 9.1ல இருந்து, சாதா சொல்லுக்குள்ள பேக்ஸ்லாஷ் வெறும் எழுத்து, இதுதான் டீஃபால்ட். அப்பறம் வார்னிங்கே வராது, ஏன்னா அது பழைய அர்த்தம் ஓடறப்ப மட்டும் வர்றது. புது சர்வர் என் வரிய எப்படி படிச்சுது பாருங்க: கொக்கி தொறந்துச்சு, த்ரூ ட, ஒரு பேக்ஸ்லாஷ், கொக்கி மூடியாச்சு. மிச்சம் ஓ தூஸ் கட்டளையா வெளிய நிக்குது, கடைசி கொக்கி மூடாத புது சொல்ல தொறக்குது, எர்ரர். ஊர் பேரா இருந்ததால எர்ரரோட போச்சு, வெளிய நிக்கற அந்த இடத்துல எவனாவது வேணும்னே டெலீட் கட்டளைய எழுதினா லிஸ்ட்டே காலி.

அன்னிக்கு ராத்திரி பழைய அர்த்தத்த ஆன் பண்ணி ஒப்பேத்தினேன். நிஜ வைத்தியம் பாராமீட்டர்: கட்டளைல டாலர் ஒண்ணு, டாலர் ரெண்டுன்னு இடம் மட்டும் விடறது, மதிப்பு இத்தன பைட்னு நீளத்தோட தனியா போகும், அதுல கொக்கிய யாரும் தேடறதே இல்ல, கொக்கிய ரெண்டாக்கற, பேக்ஸ்லாஷ் போடற வேலையும் வேணாம். (தமிழ் எழுத்தால இந்த வம்பு வராது, யூடிஎஃப்-8ங்கற எழுத்து என்கோடிங்ல அதோட மூணு பைட்டும் 127க்கு மேல, கொக்கி 39, பேக்ஸ்லாஷ் 92. சில ஜப்பானிய, சீன என்கோடிங்ல எழுத்தோட ரெண்டாவது பைட்டே 92ஆ வரும், பாவம்.)

ஆட்ஸ்லாஷஸ் ரெண்டாக்கினத புது சர்வர் அப்படியே எடுத்துக்கிட்டதால, அந்த வாரம் ஏறின பாத்லெல்லாம் பேக்ஸ்லாஷ் ரெண்டு ரெண்டா உக்காந்திருந்துச்சு. அத ஒண்ணாக்க ஒரே வரி ரீப்ளேஸ் போதும், ஆனா அதுல எத்தன பேக்ஸ்லாஷ் போடணும்னு பேப்பர்ல எழுதிப் பாத்துட்டுதான் ரன் பண்ணேன்.