ரோமானியர்கள் பெருக்கல் போட்டது எப்படி?

"பள்ளியில் நாலுக்கு ⅠⅤ என்று எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் நாலு கோடு போட்டு ⅠⅠⅠⅠ என்றிருக்கிறது. எது தப்பு?" என்று கேட்டிருக்கிறார் ஆறாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர். அதோடு விட்டிருந்தால் நாலு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். கூடவே இன்னொன்றும் கேட்டுவிட்டார்: "இந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிப் பெருக்கல் போட்டார்கள்?"

முதல் கேள்விக்கு முதலில் பதில். இரண்டுமே சரி. ஒரு குறியை மூன்று தடவைக்கு மேல் எழுதக்கூடாது, சின்னக் குறி முன்னால் வந்தால் கழிக்க வேண்டும் என்ற விதிகளெல்லாம் பிற்காலத்தில் இறுகியவை. ரோமானியர்கள் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கின் வாயில்களில் செதுக்கிய எண்கள் பல இன்னும் அழியாமல் இருக்கின்றன. 44ஆம் வாயிலின் மேல் ⅩⅬⅠⅠⅠⅠ என்று இருக்கிறது. நாற்பதைக் கழித்தல் முறையில் எழுதியவர், பக்கத்திலேயே நாலை நாலு கோடாகப் போட்டிருக்கிறார்! ஜெர்மானியக் காட்டில் கி.பி. 9இல் நடந்த போரில் இறந்த மார்க்கஸ் கேலியஸ் என்ற படைத்தலைவனின் நினைவுக்கல்லில், அவனுடைய 18ஆம் படையணி ⅩⅠⅠⅩ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இருபதுக்கு இரண்டு குறைவு. இன்றைய தேர்வில் எழுதினால் சுழிதான் கிடைக்கும்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஜூபிடர் கடவுளின் பெயர் லத்தீனில் ⅠⅤ என்று தொடங்குவதால், அதை எழுதப் பயந்து நாலு கோடு போட்டார்களாம். கடவுள் பெயரை எழுதவே பயந்தவர்கள், ஊர் ஊராக ஜூபிடருக்குப் பலிபீடம் கட்டி அதில் அவர் பெயரைச் செதுக்கியிருப்பார்களா? ஆனால் எண்ணைப் பார்த்துப் பயப்படும் ஆட்கள் இத்தாலியில் இன்றும் இருக்கிறார்கள். அங்கே ஆகாத எண் 17. ⅩⅤⅠⅠ என்ற எழுத்துகளை மாற்றிப் போட்டால் ⅤⅠⅩⅠ வரும். லத்தீனில் அதற்கு 'வாழ்ந்தேன்' என்று பொருள். அதாவது, இப்போது இல்லை. கூட்டினால் எட்டு வருகிறது என்று வண்டி எண்ணை மாற்றக் காசு கட்டும் நம்மூர் ஆட்களுக்கு இந்தச் செய்தி ஆறுதலாக இருக்கலாம்.

சரி, பெருக்கலுக்கு வருவோம். ஏழு குறிகளும் உங்களுக்குத் தெரியும்: Ⅰ ஒன்று, Ⅴ ஐந்து, Ⅹ பத்து, Ⅼ ஐம்பது, Ⅽ நூறு, Ⅾ ஐந்நூறு, Ⅿ ஆயிரம். நூறுக்கும் ஆயிரத்துக்கும் லத்தீனில் உள்ள சொற்களின் முதலெழுத்துதான் Ⅽயும் Ⅿமும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்த ஒற்றுமை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆயிரத்துக்கான பழைய குறி வேறு: நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போல வளைவு. அதைப் பாதியாக வெட்டி வலப்பக்கத்தை எடுத்தால் Ⅾ, ஆயிரத்தில் பாதி. Ⅹஐக் குறுக்கே வெட்டினால் மேல்பாதி Ⅴ, பத்தில் பாதி. ரோமானியர்களுக்கு முன்பே, இத்தாலியில் அவர்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் என்ற மக்கள் இதே வகைக் குறிகளை வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஐந்து, தலைகீழ் Ⅴ. எழுத்தறிவு வருவதற்கு முன்பே ஆடு மாடு எண்ணிக் கம்பில் கீறிய வெட்டுகளின் வழிவந்தவை இவை என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

இப்போது அந்த ஏழு குறிகளையும் வரிசையாகப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஐந்து மடங்கு. ஐந்திலிருந்து பத்துக்கு இரண்டு மடங்கு. பத்திலிருந்து ஐம்பதுக்கு மறுபடி ஐந்து, ஐம்பதிலிருந்து நூறுக்கு மறுபடி இரண்டு. ஐந்து, இரண்டு, ஐந்து, இரண்டு என்று ஆயிரம் வரை இதே தாளம்தான். இந்தத் தாளம் ஏன் என்று புரிந்தால் ரோமானியர்களின் ரகசியம் முழுக்கப் புரிந்துவிடும். காரணம் இதுதான்: அவர்கள் இந்த எழுத்துகளை வைத்துக் கணக்குப் போடவே இல்லை. கூழாங்கற்களை வைத்துப் போட்டார்கள். கூழாங்கல்லுக்கு லத்தீனில் 'கால்குலஸ்' என்று பெயர். கால்குலேட்டர் என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது.

நீங்களே செய்து பார்க்கலாம். தரையில் சாக்பீஸால் மூன்று கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்: வலக்கோடியில் ஒன்றுகள், நடுவில் பத்துகள், இடக்கோடியில் நூறுகள். குறுக்கே ஒரு கோடு இழுத்து ஒவ்வொன்றையும் மேல் அறை, கீழ் அறை என்று பிரியுங்கள். கீழ் அறையில் வைக்கும் கல் ஒவ்வொன்றும் ஒன்று. மேல் அறையில் வைப்பது ஐந்து. கல்லுக்குப் பதில் புளியங்கொட்டை போதும்.

268ஐ வையுங்கள். நூறில் கீழே இரண்டு. பத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்றில் மேலே ஒன்று, கீழே மூன்று. வைத்ததை அப்படியே இடமிருந்து வலமாகப் படியுங்கள்: ⅭⅭ ⅬⅩ ⅤⅠⅠⅠ. ரோமன் எண் என்பது பலகையில் இருக்கும் கொட்டைகளின் படம்!

இதோடு 157ஐக் கூட்ட வேண்டும். மனசில் ஒரு கணக்கும் போடாதீர்கள். இருப்பதை எடுக்காமல் 157க்கான கொட்டைகளையும் அதே கட்டங்களில் போடுங்கள். நூறில் கீழே ஒன்று, பத்தில் மேலே ஒன்று, ஒன்றில் மேலே ஒன்று, கீழே இரண்டு. கூட்டல் முடிந்தது. பாக்கி இருப்பது ஒழுங்குபடுத்துவது மட்டும்தான். ஒன்றுகளின் கீழ் அறையில் ஐந்து கொட்டை சேர்ந்துவிட்டது. ஐந்தையும் எடுத்துவிட்டு மேல் அறையில் ஒன்று வையுங்கள். அங்கே இப்போது மூன்று. அதில் இரண்டை எடுத்துவிட்டுப் பத்துகளின் கீழ் அறையில் ஒன்று வையுங்கள். பத்துகளின் மேல் அறையிலும் இரண்டு இருக்கிறது. எடுத்துவிட்டு நூறில் ஒன்று. இப்போது படியுங்கள்: நூறில் நாலு, பத்தில் இரண்டு, ஒன்றில் மேலே ஒன்று. ⅭⅭⅭⅭ ⅩⅩ Ⅴ. விடை 425.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எட்டும் ஏழும் எவ்வளவு என்று ஒரு தடவையாவது யோசித்தோமா? இல்லை. கீழே ஐந்து சேர்ந்தால் மேலே ஒன்று, மேலே இரண்டு சேர்ந்தால் பக்கத்தில் ஒன்று. இந்த இரண்டே விதி. கூட்டல் வாய்ப்பாடு தெரியாத, எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் லட்சத்தில் கூட்டலாம். கழித்தல் என்றால் இதையே திருப்பிச் செய்ய வேண்டும்: கீழே எடுக்கக் கொட்டை இல்லையா, மேலே இருக்கும் ஒன்றை உடைத்து ஐந்தாக்கு.

பெருக்கலும் பெரிய விஷயமில்லை. 23ஐ 14ஆல் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தால் பெருக்குவது என்றால் எல்லாக் கொட்டைகளையும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளுவது, 230 வந்துவிட்டது. நாலால் பெருக்க, 23ஐ ஓரமாகத் தனியாக வைத்து இரட்டிப்பாக்கினால் 46, இன்னொரு தடவை இரட்டிப்பாக்கினால் 92. இரட்டிப்பது என்பது இருப்பதைப் போலவே இன்னொரு பங்கு கொட்டை போடுவது. இரண்டையும் ஒன்றாகக் குவித்து ஒழுங்குபடுத்தினால் 322. எழுத்தர் ஓலைக்காரர் மாதிரிப் பக்கத்தில் நின்று ⅭⅭⅭⅩⅩⅠⅠ என்று குறித்துக்கொள்வார். அவருக்குப் பெருக்கல் தெரிய வேண்டியதே இல்லை.

இந்தப் பலகையைச் சட்டைப்பை அளவுக்குச் சுருக்கி வெண்கலத்தில் செய்ததும் உண்டு. ரோமிலும் பாரீஸிலும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீள்பள்ளங்களில் நாலு நாலு குமிழ், அதன் மேல் சின்னப் பள்ளங்களில் ஒவ்வொன்று, பத்து லட்சம் வரை. வலப்பக்கம் பின்னங்களுக்கு ஒரு பள்ளம். அதில் மட்டும் கீழே ஐந்து, மேலே ஒன்று. ரோமானியர்கள் முழுமையைப் பன்னிரண்டாகப் பிரித்தவர்கள், அதனால் மேல் குமிழுக்கு மதிப்பு ஆறு. அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு 'உன்சியா' என்று பெயர். இன்ச், அவுன்ஸ் இரண்டும் அந்தச் சொல்லின் பேரப்பிள்ளைகள்.

ஆக, இடமதிப்பு ரோமானியர்களுக்குத் தெரியாது என்று சொல்வது பாதி உண்மைதான். கையில் இருந்தது, எழுத்தில் இல்லை. பூச்சியம் இல்லாததும் இதனால்தான். பலகையில் பத்துக் கட்டம் காலியாக இருந்தால் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். காலி இடத்தைக் குறிக்க எதற்குக் கொட்டை? அந்தப் பலகையை அப்படியே ஏட்டில் எழுத நினைக்கும்போதுதான் காலி இடத்துக்கும் ஒரு குறி வேண்டும் என்று தோன்றும். இந்தியாவில் அது தோன்றியது. 628இல் பிரம்மகுப்தர் பூச்சியத்தைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி எழுதிவிட்டார். குவாலியரில் 876ஆம் ஆண்டுக் கோயில் கல்வெட்டில் 270 என்ற எண்ணில் பூச்சியத்தை இன்றும் பார்க்கலாம்.

நம் பழைய தமிழ் எண்களுக்கும் பூச்சியம் தேவைப்படவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் இருந்தன. 2005 என்றால் ௨௲௫. ரோமானியர்கள் நூறை மூன்று தடவை எழுதிய இடத்தில் நாம் ௩௱ என்று எழுதினோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அவர்கள் கல்லை நம்பினார்கள், நம்மவர்கள் மனப்பாடத்தை நம்பினார்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை விடியற்காலையில் ராகம் போட்டுச் சொன்ன பிள்ளைக்குப் பலகை தேவைப்படவில்லை.

இவ்வளவு நல்ல பலகைக்கு ஒரு குறை உண்டு. அதை நான் கண்டுபிடித்தது வீட்டுக் கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றிலக்கப் பெருக்கல் ஒன்றைக் கொட்டையால் பாதி போட்டுவிட்டு, தொலைபேசி அடித்தது என்று எழுந்து போனேன். திரும்பி வந்தால் தரை சுத்தமாக இருக்கிறது. நான் பெருக்கி வைத்ததை அம்மா பெருக்கிவிட்டார்.

பலகையில் தடயம் தங்காது. விடை தப்பு என்றால் எந்தப் படியில் தப்பியது என்று திரும்பிப் பார்க்க முடியாது, முழுக்க மறுபடி போட வேண்டும். இந்திய எண்களும் தொடக்கத்தில் தூசி பரப்பிய பலகையில், அழித்து அழித்துத்தான் கணக்கிடப்பட்டன. 952ஆம் ஆண்டுவாக்கில் டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி என்பவர், அழிக்காமல் காகிதத்தில் மையால் எழுதியே கணக்குப் போடும் வழிகளை எழுதினார். இந்திய எண்கள் உண்மையில் ஜெயித்தது அங்கேதான் என்பது என் கட்சி. காகிதமும் பூச்சியமும் சேர்ந்த பிறகு, கணக்குப் போடுவதும் அதை எழுதிவைப்பதும் ஒரே வேலையாகிவிட்டது.

ஐரோப்பாவில் இது உடனே எடுபடவில்லை. வட ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் இந்த முறையைக் கற்ற பீசா நகரத்து ஃபிபொனாச்சி 1202இல் ஒன்பது இந்திய எண்களையும் பூச்சியத்தையும் விளக்கிப் புத்தகம் எழுதினார். ஆனாலும் 1299இல் ஃபிளாரன்ஸ் நகரத்து நாணயமாற்று வணிகர் சங்கம், கணக்கேட்டில் புதிய எண்களை எழுதக்கூடாது, தொகையை எழுத்தால்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டது. பூச்சியத்துக்கு ஒரு வால் இழுத்தால் ஆறாகிவிடும் அல்லவா? சிரிக்க வேண்டாம். காசோலையில் நம்மையும் தொகையை எழுத்தால் எழுத வைப்பது அதே பயம்தான்.

ரோமன் எண்கள் மோசம், அதனால்தான் ரோமில் கணிதமேதை பிறக்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கிரேக்கர்களுக்கும் இடமதிப்பு எழுத்து கிடையாது. அவர்களும் அகரவரிசை எழுத்துகளைத்தான் எண்ணாக வைத்திருந்தார்கள். ஆர்க்கிமிடீஸ் பிறக்கவில்லையா? காரணத்தை ரோமானியரான சிசரோவே ஒப்புக்கொண்டிருக்கிறார்: கிரேக்கர்கள் வடிவியலைப் போற்றினார்கள், நாம் அளப்பதற்கும் கணக்கிடுவதற்கும் ஆன அளவோடு நிறுத்திக்கொண்டோம் என்று. சிராகியூஸில் புதர் மண்டிக் கிடந்த ஆர்க்கிமிடீஸின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தவரும் அதே சிசரோதான். உள்ளூர்க்காரர்களே அதை மறந்துபோயிருந்தார்கள். கால்வாய்க்கும் பாலத்துக்கும் அள்ளிக் கொடுத்த ரோம், தேற்றத்துக்குக் கொடுக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் போகிறவரிடம் "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று முதல் கேள்வி கேட்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் புதர்தான் ஞாபகம் வரும்.

கடைசியாகக் கம்பும் கல்லும். இங்கிலாந்தின் அரசுக் கருவூலம் கட்டம் போட்ட துணி மேல் காசு வைத்துத்தான் வரவுசெலவு பார்த்தது. சதுரங்கப் பலகை போன்ற அந்தத் துணியால்தான் அதற்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயரே வந்தது. ரசீதாகக் கொடுத்தது வெட்டுக் கம்பு: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். கம்பை நெடுக்காகப் பிளந்து ஆளுக்குப் பாதி. இந்த வழக்கம் 1826 வரை நீடித்தது என்றால் நம்ப முடிகிறதா? பிறகு, சேர்ந்து கிடந்த கம்புகளை என்ன செய்வது என்று தெரியாமல், 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்து அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ பரவி நாடாளுமன்றமே எரிந்துபோனது.

அந்த இடத்தில் எழுந்த புதிய கட்டடத்தின் மணிக்கூண்டில்தான் பிக் பென் கடிகாரம் இருக்கிறது. அதில் நாலு மணிக்கு ⅠⅤ.