ஓட்டோஸ்க்ளெரோசிஸ்: தேய்ந்தது எது?

சித்தியின் சி.டி. ஸ்கேன் அறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுத்தவர் ஓட்டோஸ்க்ளெரோசிஸைக் 'காது எலும்பு தேய்மானம்' என்று முடித்துவிட்டார். மறுநாளே வீட்டில் ஆட்டுக்கால் சூப் கொதித்தது. எலும்பு நோய் என்றாலே தேய்மானம்! கழுத்தா, முட்டியா, காதா, எதுவானாலும் அதே சொல்.

கிரேக்கத்தில் 'ஓட்' என்றால் காது, 'ஸ்க்ளெரோசிஸ்' என்றால் கடினமாதல். 1890களில் வியன்னாவின் ஆடம் பொலிட்சர் வைத்த பெயர். உள்காதைப் பொதிந்திருக்கும் எலும்பில் புது எலும்பு தாறுமாறாக உருவாகி, நடுக்காதிலுள்ள அங்கவடி எலும்பின் அடித்தட்டை அசையவிடாமல் கவ்விக்கொள்கிறது. அங்கவடி அதிராவிட்டால் ஒலி உள்ளே போவது எப்படி? ஆக, தேய்மானம் இல்லை, வேண்டாத வளர்ச்சி.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'செவிவன்மை' என்கிறார். இலக்கணம் சரி, காதுக்குத்தான் ஒட்டவில்லை. சொல்வன்மை, நாவன்மை என்று வன்மையைத் திறமையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். 'அவருக்குச் செவிவன்மை' என்றால் பாம்புக் காது என்றல்லவா நினைப்பார்கள்? செவிடாகிக்கொண்டிருப்பவருக்கு இப்படி ஒரு பட்டமா? 'வன்மை என்றால் கடினமும்தான்' என்று நண்பர் அகராதியைக் காட்டுகிறார். நோயாளி அகராதியோடு மருத்துவரிடம் போவதில்லை.

சரி, நான் முன்வைக்கும் 'இறுகல்' மட்டும் குறையற்றதா? அதுவும் இல்லை. நோய் முனைப்பாக இருக்கும்போது அந்த எலும்பு பஞ்சுபோல இருக்கும். ஸ்கேனில், அங்கவடியின் அடித்தட்டு பொருந்தியிருக்கும் நீள்வட்டச் சாளரத்துக்குச் சற்று முன்னால், வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் கருந்திட்டு விழும். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவைச் சுற்றிப் பரவினால் கரிய வளையம் ஒன்று கூடுதலாகத் தெரியும். மொழிபெயர்த்தவர் அந்தக் கருப்பைத்தான் தேய்மானமாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ. பிற்பாடு அதே இடம் இறுகி வெளுத்துவிட்டால் ஸ்கேனில் பிரித்தறிவது கடினம். பஞ்சு நிலையை வைத்துத்தான் ஓட்டோஸ்பாஞ்சியோசிஸ் என்ற இன்னொரு பெயரும் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே என் கணக்கில் ஓட்டோஸ்க்ளெரோசிஸ் 'செவியெலும்பு இறுகல்'. அறிக்கையில் ஸ்பாஞ்சியோசிஸ் என்றே இருந்தால் 'செவியெலும்பு பஞ்சாதல்'. சித்தியிடம் இறுகல் என்று விளக்கினேன். சூப் நின்றது. அப்புறம் கேட்டார்: "இறுகிடுச்சுன்னா, ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடலாமாடா?"