ஒன்பதாம் தேதி வரைக்கும் உடையும் பைத்தான் நிரல்

இந்த மாதமும் ஒன்றாம் தேதி காலையிலேயே போன். "சார், லாக் படிக்கிற புரோகிராம் நேற்று வரைக்கும் நல்லா ஓடிச்சு, எதையும் தொடவே இல்லை." தொடவில்லைதான். தேதி மாறிவிட்டதே.

ஆர்எஃப்சி 3164 என்ற இணைய ஆவணம் சொல்லும் பழைய சிஸ்லாக் (கணினி தன் நிகழ்வுகளைப் பதியும் லாக்) வரியில் தேதி ஓரிலக்கமாக இருந்தால் முன்னால் பூஜ்யம் வராது, ஒரு ஸ்பேஸ் கூடுதலாக வரும். 25ஆம் தேதி மாதப்பெயருக்குப் பின் ஒரு ஸ்பேஸ், 5ஆம் தேதி இரண்டு. பைத்தானில் வரியைத் துண்டாக்க ஸ்பிளிட்(' '), அதாவது 'ஸ்பேஸில் வெட்டு' என்று, போட்டிருந்தால் நேரம் ஓர் இடம் தள்ளிப் போய்விடும். பத்தாம் தேதி தானாகச் சரியாகும். "சர்வர் பிரச்சினை" என்று புகார் டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.

ஏன் ஸ்பிளிட்(' ') என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "அடைப்புக்குறியைக் காலியாக விட்டாலும் ஸ்பேஸில்தானே வெட்டும்? நான் அதை எழுதிக் காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்." இல்லை ஐயா, இல்லை. ஸ்பிளிட்() என்று காலியாக விட்டால் ஸ்பேஸ், டேப், புதுவரி எல்லாமே பிரிப்பான். பத்து சேர்ந்து வந்தாலும் ஒரே வெட்டு. வரியின் முன்னும் பின்னும் இருக்கும் பிரிப்பான்களை உதறிவிடும். ஸ்பிளிட்(' ') ஒவ்வொரு ஸ்பேஸிலும் வெட்டும், இரண்டுக்கு நடுவே எழுத்தே இல்லாத ஒரு வெற்றுச் சரத்தையும் தரும், டேபைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. நம்பிக்கை இல்லையா? வெற்றுச் சரத்தை இரண்டிலும் உடைத்துப் பாருங்கள். முதலாவதில் பட்டியலின் நீளம் 0, அடுத்ததில் 1.

ஒருவர் இரண்டு ஸ்பேஸை ஒன்றாக ரீப்ளேஸ் செய்து "சரிபண்ணிட்டேன்" என்றார். மூன்று இருந்தால் இரண்டு மிஞ்சுமே!

இந்தப் பழக்கத்தோடு ஜாவாஸ்கிரிப்டுக்குப் போய்க் காலியாக விடாதீர்கள். அங்கே முழு வரியும் ஒரே துண்டாக வந்து நிற்கும். கோ மொழியில் காலி ஸ்பிளிட்() போலவே வெட்டும் ஸ்ட்ரிங்ஸ்.ஃபீல்ட்ஸ் இருக்கிறது, பிழைத்தோம்.

டேபால் பிரித்த ஃபைல் என்றால் கதையே வேறு. காலிக் கட்டங்கள் இருக்கும். ஸ்பிளிட்() அவற்றை விழுங்கிவிடும். டேபைக் கொடுத்தே உடையுங்கள். வலைப்பக்கத்திலிருந்து எடுத்த தமிழ் உரையில் சீரோ விட்த் ஸ்பேஸ் என்ற அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத குறி ஒளிந்திருக்கும். பெயரில்தான் ஸ்பேஸ், பைத்தான் அதில் வெட்டாது. முதலில் அதைக் களைந்துவிடுங்கள்.

சிஸ்லாக் வரிக்கு ஸ்பிளிட்(None, 4) போதும், அதாவது காலியாக விட்டது போலவே, ஆனால் நான்கு வெட்டு மட்டும்: மாதம், தேதி, நேரம், ஹோஸ்ட் (கணினியின் பெயர்), மிச்சச் செய்தி முழுசாக. அப்புறம், தயவுசெய்து, டெஸ்டில் ஐந்தாம் தேதி வரி ஒன்றையும் சேருங்கள். நான் பார்க்கிற டெஸ்ட் எல்லாவற்றிலும் ஏன்தான் 15ஆம் தேதியும் 25ஆம் தேதியுமே இருக்கின்றனவோ!