வீட்டில் பீர் காய்ச்சலாமா? அமெரிக்காவின் நூறு கேலன் கணக்கு

‘காய்ச்சுவது’ என்றாலே நமக்குக் கள்ளச்சாராயமும் போலீஸ் ரெய்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்கா வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரர் கராஜில் பெரிய அண்டாவை அடுப்பேற்றி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கொதிக்கவைத்ததைப் பார்த்து எனக்கும் பகீரென்றது. அவரோ கதவை விரியத் திறந்து வைத்திருந்தார். தெருவே மணத்தது. மறைக்க அவருக்கு ஒன்றும் இல்லை, சட்டமே அனுமதித்திருக்கிறது.

அந்தச் சட்டம் சொல்வது இதுதான். வயது வந்த எவரும் தன் சொந்த உபயோகத்துக்கும் குடும்பத்துக்கும் வரி கட்டாமல் பீர் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர்தான் என்றால் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 100 கேலன். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 378, 757. மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், ஃபாரம் எதுவும் நிரப்ப வேண்டாம். வழக்கமாக ஒரு தடவைக்கு 5 கேலன் காய்ச்சுவார்கள். 12 அவுன்ஸ் பாட்டிலில் ஐம்பதுக்குச் சற்று மேல் வரும். அந்தக் கணக்கில் 100 கேலன் என்பது வருடத்துக்கு இருபது தடவை. வேலைக்கும் போய்க்கொண்டு இந்த வரம்பைத் தொட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வரம்பு தலைக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே அபார்ட்மென்ட்டில் நான்கு பேச்சிலர்கள் இருந்தால் 400 ஆகிவிடாது, 200தான். கணவன் மனைவி இருக்கும் வீட்டில் ஊரிலிருந்து வந்த மாமனாரைக் கணக்கில் சேர்த்தாலும் ஒரு சொட்டும் கூடுதலாகக் கிடைக்காது. ஒயினுக்கு இதே அளவில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, அது பீர் கணக்கில் கழியாது.

வயது விஷயத்தில் விதியைப் பாதி மட்டும் படித்துவிட்டுச் சிக்கிக்கொள்ளாதீர்கள். 18 நிறைந்தவர் வயது வந்தவர் என்றுதான் விதி தொடங்குகிறது. ஆனால் அந்த ஊரில் பீர் வாங்கக் கூடுதல் வயது வேண்டுமென்றால் அந்த வயதே செல்லும் என்று அடுத்த வரியில் சொல்லிவிடுகிறது. ஐம்பது மாநிலங்களிலும் பீர் வாங்க 21 ஆக வேண்டும். ஆகவே 21.

இந்த அனுமதி வந்த கதை கொஞ்சம் விசித்திரம். 1920-ல் தொடங்கிய மதுவிலக்கு 1933-ல் முடிந்தது. அதன் பிறகு குடும்பத்துக்காக வீட்டில் ஒயின் தயாரிக்க வரிவிலக்கு கிடைத்தது, பீர் மட்டும் விடுபட்டுப்போனது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. 1979 பிப்ரவரி 1 முதல் அது அமலானது.

ஆனாலும் மாநிலச் சட்டம் மறுத்தால் இந்தச் சலுகை செல்லாது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை மறுத்துக்கொண்டுதான் இருந்தன. அலபாமா அனுமதித்தபோதும் மூன்று மாதத்துக்கு 15 கேலன் என்று கையை இறுக்கியே வைத்தது. ஆரகன் கதை வேறு மாதிரி. வீட்டு பீரை வீட்டுக்குள்ளேயேதான் குடிக்க வேண்டும் என்று 2010-ல் அதன் மாநிலச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்போய், மாநிலக் கண்காட்சியில் நடக்கவிருந்த பீர் போட்டியே நின்றுபோனது. அடுத்த வருடம் சட்டத்தைத் திருத்தித்தான் சரிசெய்தார்கள். எனவே உங்கள் மாநில மதுத்துறையின் விதியை ஒரு முறை பார்த்துவிட்டு அண்டாவை அடுப்பேற்றுங்கள்.

மத்திய விதியைப் பொறுத்தவரை பீரை வெளியே எடுத்துப் போகலாம். நண்பர் வீட்டு விருந்து, போட்டி, ருசி பார்க்கும் கூட்டம் எல்லாம் சரி. காசு கைமாறினால் கதை வேறு. பொங்கல் விழாவுக்கு டிக்கெட் போட்டு, அந்தக் காசிலேயே உங்கள் பீரையும் ஊற்றிக் கொடுத்தால் அது விற்பனை என்று சொல்ல இடமிருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த வம்பே வேண்டாம். அமெரிக்கத் தபாலில் மது அனுப்ப முடியாது என்பதால் வேறு ஊரில் இருக்கும் நண்பருக்குப் பார்சல் போடவும் வழியில்லை.

நொதிக்கவைப்பது வேறு, வடிப்பது வேறு. வீட்டில் சாராயம் வடித்தால் மத்திய சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் உண்டு. 2024-ல் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று இந்தத் தடைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு வழக்குப் போட்ட சங்கத்துக்கும் அதன் உறுப்பினர்களுக்கும்தான். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தச் சலுகை விமானம் ஏறாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம்.

இனி ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது இந்தக் கொடியின் பூங்கூம்புதான். கஞ்சாவும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம் என்று கேள்விப்பட்டுச் சிலர் தயங்குகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, தோட்டத்தில் ஹாப்ஸ் வளர்க்க மத்திய அனுமதி எதுவும் தேவையில்லை. கவனிக்க வேண்டியது செடி நோய். நாட்டின் ஹாப்ஸில் பெரும்பகுதி வாஷிங்டன், ஆரகன், ஐடஹோ மூன்றிலும்தான் விளைகிறது. வாஷிங்டனில், அதிலும் குறிப்பாக யாக்கிமா பள்ளத்தாக்கில், ஹாப்ஸ்தான் பிழைப்பு. அதனால் வெளியிலிருந்து வரும் ஹாப்ஸ் செடிக்கும் கிழங்குக்கும் அந்த மாநிலம் நோய்த்தடுப்பு விதி வைத்திருக்கிறது. அங்கே இருப்பவர்கள் வெளிமாநிலத்திலிருந்து கிழங்கு வரவழைக்கும் முன் வேளாண் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுச் சங்கம் உள்ள குடியிருப்பு என்றால் உயரக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். இது புடலைப் பந்தலில் அடங்குகிற கொடி இல்லை, கயிறு கட்டிவிட்டால் ஒரே கோடையில் இருபது அடி ஏறும்.

நடும்போது பெண் செடியின் கிழங்காகக் கேட்டு வாங்குங்கள், ஆணில் கூம்பு வராது. முதல் வருடம் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு கூம்பைப் பறித்துக் கசக்கிப் பாருங்கள். காகிதம்போலச் சலசலத்து, உள்ளங்கையில் மஞ்சள் பொடி பிசுபிசுவென ஒட்டினால் அறுவடைக்குத் தயார். பறித்ததை உடனே உலர்த்துங்கள். காய்ச்சி முடித்த ஹாப்ஸ் சக்கையை நாய் எட்டுகிற குப்பைக்குழியில் மட்டும் போடாதீர்கள். அதைத் தின்ற நாய்க்கு உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம்.