சக்கரம் நின்றால் வண்டி நின்றதாகாது

ஏற்காடு அடிவாரத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்குத் திங்கட்கிழமை என்றாலே ஒரு பயம். ஞாயிற்றுக்கிழமை மலையில் விழுந்த வண்டிகள் அன்றைக்குத்தான் வரும். இந்த வாரம் மூன்று ஸ்கூட்டர். மூன்றாவதை ஓட்டிய பையனுக்குக் காறை எலும்பு முறிவு. வண்டியை அவன் அப்பா குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்தார். "பிரேக் நல்லா பிடிச்சுதாம்ங்க, சக்கரமே அப்படியே நின்னுபோச்சாம். அப்புறம் எப்படிங்க விழுந்தான்?" என்றார்.

சக்கரம் நின்றதால்தான் விழுந்தான். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை. யாரும் நம்புவதில்லை.

பின் டயரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். சுற்றிலும் பட்டன் நன்றாக இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக, வழவழவென்று தேய்ந்திருக்கிறது. சக்கரம் சுற்றியிருந்தால் தேய்மானம் டயர் முழுக்கப் பரவியிருக்கும். சுற்றாமல், வண்டி மட்டும் ஓடியதற்கு அந்தத் தட்டைதான் சாட்சி.

உருளும் சக்கரத்தில் எல்லா இடமும் ஒரே வேகத்தில் போவதில்லை. வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அச்சின் வேகம் 40. சக்கரத்தின் உச்சி 80-ல் போகிறது. ரோட்டைத் தொடும் அடிப்பகுதியின் வேகம் பூஜ்யம்! வண்டியில் இருந்து பார்த்தால் அது 40-ல் பின்னால் போகிறது, வண்டியோ 40-ல் முன்னால் போகிறது. இரண்டும் கழிந்துபோய், ரோட்டைப் பொறுத்தவரை அந்த இடம் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. சந்தேகம் இருந்தால், ஓடும் சைக்கிளைப் பக்கவாட்டில் எடுத்த போட்டோவைப் பாருங்கள். கீழே உள்ள கம்பிகள் தெளிவாக இருக்கும், மேலே உள்ளவை கலங்கித் தெரியும்.

நாம் நடப்பதும் இப்படித்தான். உடம்பு முன்னால் போனாலும் ஊன்றிய பாதம் நிற்கிறது. டயரும் ரோட்டில் அடுத்தடுத்துப் பாதம் ஊன்றிப் போகிறது. அந்தப் பிடிமானத்தில்தான் பிரேக்கே வேலை செய்கிறது. சக்கரம் லாக் ஆன கணமே பாதம் வழுக்கிவிடுகிறது. 40-ல் வரும் வண்டியில் அந்த ரப்பர் 40-லேயே தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டு போகும். பீரோவைத் தள்ளியவர்களுக்குத் தெரியும்: அசைக்கும்வரைதான் கஷ்டம், நகர ஆரம்பித்துவிட்டால் லேசு. நிற்கும் பிடி பெரியது, வழுக்கும் பிடி சிறியது. அதனால் லாக் ஆன சக்கரம் வண்டியை நிறுத்த எடுக்கும் தூரம் பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

தூரம் கூடுவதைவிட மோசம், திசை போய்விடுவது. உருளும் சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் தாங்கும். உருளாத சக்கரத்துக்கு முன்பக்கம், பக்கவாட்டு என்று எதுவும் கிடையாது. கொண்டை ஊசி வளைவில், ஓரத்தில் ஒதுங்கிய மணல்மேல் பின் சக்கரம் லாக் ஆனால் வால் வெளியே ஓடும். முன் சக்கரம் என்றால் யோசிக்கவே நேரம் இருக்காது.

ஆகவே தயவுசெய்து, வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே குறையுங்கள். சேலம் பக்கத்துப் பாதையில் மொத்தம் 20 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் இதே விதிதான். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாக ஆரம்பித்து அழுத்துங்கள். "முன் பிரேக் போட்டால் தூக்கி எறிந்துவிடும்" என்று யார் கற்றுக்கொடுத்தார்களோ! இறக்கத்தில் பாரம் முன்னால் போய்விடும், பின் பிரேக்கை மட்டும் நம்பினால் பின் சக்கரம் லேசாகிச் சட்டென்று லாக் ஆகும். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் உள்ள புது வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதாவது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்துச் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏற்பாடு, கட்டாயம். லீவர் கையில் துடித்தால் பயந்து விட்டுவிடாதீர்கள். லாக் ஆகாமல் அது பார்த்துக்கொள்கிறது. சின்ன ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடுதான். லாக் ஆவதை அது தடுக்காது.

பெட்ரோல் மிச்சம் என்று சாவியை ஆஃப் செய்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. இரண்டு பேரோடு ஸ்கூட்டர் 240 கிலோ என்று வையுங்கள். ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்கினால் வெளிவரும் சக்தி ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் பிடிக்காவிட்டால் பிரேக்தான் தாங்க வேண்டும். நான் பிரிக்கும் டிரம்களில் லைனிங் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறது, கருகல் வாசம் மூக்கில் ஏறுகிறது. கியர் வண்டி என்றால் ஏறின கியரிலேயே இறங்குங்கள். கருகல் வாசம் வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பழசாகிவிட்டால் சூட்டில் கொதித்து, பிரேக் பிடிக்காமல் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அந்த அப்பா டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமாங்க, பையன்கிட்ட காட்டணும்" என்றார். ஒரு பழைய சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.