கிட்ச்: மலினமா, ஜிகினாவா?

புகைப்படக் கண்காட்சி பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் காலை வாரிவிடும் சொல் 'கிட்ச்' (kitsch). மலிவான, மினுக்கலான கலையைக் குறிக்கும் இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

பிறந்த ஊர் ஜெர்மனியின் மியூனிக். 1860, 70களில் அங்கிருந்த ஓவிய வியாபாரிகள், வாங்குபவர் தலையில் கட்டும் மலிவுப் படங்களை இப்படிச் சொன்னார்கள். வேர் எது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. தெருச்சேற்றை வழித்தெடுப்பதைச் சொல்லும் வட்டார வினை என்பது ஒரு கட்சி. அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது என்பது இன்னொரு கட்சி. ஆங்கில 'ஸ்கெட்ச்' ஜெர்மன் வாயில் சிதைந்தது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வசவுதான். 1939இல் அமெரிக்க விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க் இதை உயர்கலைக்கு எதிரியாகவே நிறுத்தினார்.

அந்தப் பொருளுக்கு 'மலினக்கலை' சரி. ஆனால் இன்றைய புகைப்படக்காரர்கள் அந்த வசவை விரும்பிச் சூடிக்கொள்கிறார்கள். பாரிஸின் பியர், ஜில் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 முதல் சேர்ந்தே வேலை. பியர் படமெடுப்பார், ஜில் அதன் மேல் தூரிகையால் தீட்டுவார். பாடகர், நடிகர், புனிதர் எல்லாருக்கும் பூவும் மினுமினுப்பும் ஒரே அளவு. (கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றிய நம்மூர் ஸ்டுடியோக்காரர் பார்த்திருந்தால் 'இது என்ன புதுசு?' என்றிருப்பார்.) பெங்களூருவின் கலைஞர் புஷ்பமாலா, 2000 முதல் 2004 வரை புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து செய்த படவரிசையில், ரவி வர்மாவின் லட்சுமியாகத் தானே வேடமிட்டு நின்றார். காலண்டர் படத்தின் பளபளப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த லட்சுமி ஒரு பெண் போட்ட வேடம் என்பதும் கூடவே தெரிகிறது.

இதைப் போய் 'மலினக்கலை' என்று எழுதினால் படம் எடுத்தவரைத் திட்டியதாகிவிடும். 'பகட்டுக்கலை' நல்ல தமிழ்தான். ஆனால் பகட்டில் பணக்கார வாடை அடிக்கிறது. கிட்ச்சோ காசில்லாதவர் வீட்டுச் சுவரிலும் தொங்குவது.

என் ஓட்டு 'ஜிகினா'வுக்கு. சாமி படத்தின் ஓரத்திலும் நாடக ராஜாவின் கிரீடத்திலும் மின்னுவது அதுதான். 'எல்லாம் ஜிகினா வேலை' என்றால் வெளிமினுக்கு என்ற கேலி. அதே ஜிகினா இல்லாவிட்டால் திருவிழா களைகட்டாது. கேலியும் ஆசையும் ஒரே சொல்லில். தூய தமிழ் இல்லையே என்பீர்கள். கிட்ச்சும் ஒன்றும் குலம் கோத்திரம் தெரிந்த சொல் இல்லை.

ஆகவே கிரீன்பெர்க்கைப் பற்றி எழுதும்போது மலினக்கலை. புஷ்பமாலாவைப் பற்றி எழுதும்போது ஜிகினாக்கலை.